நாளைக்கு என்றால் ஆகாது

எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் மோவாயைப் பிடித்துத் தூக்குவார். பேர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கட்டை விரலால் இமையை மேலே தள்ளிக் கண்ணைப் பார்ப்பார். “நல்லா கீது, போ” என்றால் அந்தக் குழந்தை தப்பித்தது. ஒன்றும் சொல்லாமல் பைக்குள் கையை விட்டாரென்றால் மீனெண்ணெய்ப் புட்டி வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். குழந்தைகள் அதற்குள் தெருக்கோடிக்கு ஓடியிருப்பார்கள். அவரும் பின்னாலேயே ஓடுவார்.

பழவேற்காட்டில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, திருவள்ளூர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மீனெண்ணெய் பாயம்மா என்றுதான் ஊரில் சொல்வார்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். செருப்பு போட்டால் வேகமாக நடக்க முடியவில்லையாம். பழவேற்காட்டிலிருந்து தம்பி அனுப்பும் சுறா ஈரல் எண்ணெய் ஒரு புட்டி, ஒரு தகரக் கரண்டி, கொஞ்சம் வெல்லம். பையில் இவ்வளவுதான். யாரும் அவரை இந்த வேலைக்கு வைக்கவில்லை. யார் விடச் சொல்லியும் அவர் விடவில்லை.

வெல்லம் குழந்தைகளைச் சோதிக்க. விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து நீட்டி, “எங்க, எட்த்துக்கோ” என்பார். பார்வை சரியாக உள்ள குழந்தை நேராக வந்து எடுத்துக்கொண்டு போகும். மாலைக்கண் வந்த குழந்தை காற்றைத் தடவும். தடவினால் அந்த அம்மாளுக்கு உடம்பெல்லாம் பதறும். அன்றைக்கே, அந்த நிமிஷமே, நின்ற இடத்திலேயே எண்ணெய் ஊற்றியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததும் அப்படித்தான். வீட்டுக்குள் என்பது பெருமைக்குச் சொல்வது. கொல்லைக் கதவைத் தாண்டி அவரை யார் விட்டார்கள்? என் அகத்துக்காரர் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். வெங்காயமே வாசற்படி ஏறாத வீடு. என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அம்மை போட்டு இறங்கியிருந்தது. சாயங்காலமானால் தூணில் முட்டிக்கொண்டாள். விஷமம் என்று நான் ஒரு அடிகூட வைத்தேன். கிணற்றடியில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது, பின்தெரு வழியாகப் போன அந்த அம்மாள் பார்த்துவிட்டார். நேரே வந்தார், மோவாயைத் தூக்கினார்.

“ஐயரம்மா, கண்ணு காஞ்சி போய்க்கினு கீது. வாயத் தொறக்கச் சொல்லு.”

“நாங்க ஐயங்கார். அதோட இது மீனாச்சே, எங்காத்துல எப்படி... அவர்கிட்ட கேட்டுண்டு நாளைக்குச் சொல்றேனே.”

நாளைக்கு என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம். கோபத்தில் அவர் முகம் கறுத்துவிட்டது.

“நாளிக்கின்னு சொல்லாத. யாரும் எங்கிட்ட நாளிக்கின்னு சொல்லாதீங்க. நாளிக்கி நீ பாப்ப, நான் பாப்பேன். இது பாக்குமா?”

ஐயரா ஐயங்காரா என்பதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை. கடைசி வரைக்கும் நான் ஐயரம்மாதான். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் வைத்துக் கரண்டியைக் குழந்தை வாயில் கவிழ்த்துவிட்டார். அவர் போனதும் குழந்தையைத் தலையோடு குளிப்பாட்டித் துளசியை மெல்லக் கொடுத்தேன். அப்படியும் வாடை போகவில்லை. இவர் கோயிலிலிருந்து வந்து மூக்கை உறிஞ்சினார்.

“ஏண்டி, கொல்லைல பூனை எதையாவது கொண்டு வந்து போட்டுடுத்தா?”

“போட்டிருக்கும்” என்றேன்.

அப்புறம் தினமும் அந்தப் பூனை வந்தது. இவரும் தினமும் கேட்டார், தினமும் நான் போட்டிருக்கும் என்றேன். ஒரு சாயங்காலம் குழந்தை, கூடத்து மூலையில் ஊர்ந்த எறும்பைக் காட்டிச் சிரித்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெருமாள் காப்பாத்தினார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மச்சாவதாரம் எடுத்தவர்தானே, எண்ணெயாவும் வருவார்” என்றேன். இவர் பஞ்சபாத்திரத்தை எடுத்துக்கொண்டு சந்தியாவந்தனம் பண்ணப் போனார்.

அதற்கப்புறம் நானும் அந்த அம்மாளோடு போக ஆரம்பித்தேன். கூடப் போவது என்றால் பின்னால் ஓடுவது. அமாவாசைக்கு அமாவாசை பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் தீரும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். கண் தெரியாதவர்களும் நிறைய வருவார்கள். குளத்தங்கரையில் பாயம்மாவுக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டார்கள். அவர் பாட்டுக்குப் படிக்கட்டில் நின்று, பாசியில் வழுக்கப் போகிறவர்களின் கையைப் பிடித்து இறக்குவார், ஏற்றுவார். அவர் துப்பட்டி நுனியைப் பிடித்தபடி அவருடைய மகளும் நிற்பாள். வளர்ந்த பெண், பார்க்க லட்சணமாக இருப்பாள். இரண்டு கண்ணும் இல்லை.

கண்ணில் பூ விழுந்த கிழவர்களை விடவேமாட்டார். “வெல்லம் போட்டியா? போட்டல்ல? இப்ப வா, பட்டணத்துக்கு ரயிலு வர்ற நேரம்.” அங்கே கண் ஆஸ்பத்திரியில் பூவை எடுத்தால் பார்வை வந்துவிடும் என்று எத்தனை சொன்னாலும் சில பேருக்குப் பயம். ஒரு பெரியவர் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினார். “நட்ந்துகினே துன்னு” என்று இழுத்துக்கொண்டு போனார். மனிதர் புளியோதரையை மென்றுகொண்டே ஸ்டேஷன் வரைக்கும் ஓடினார்.

இனிமேல் பார்வை வராது என்று ஆகிவிட்டவர்களுக்கு அவர் ஒரு காரியம் செய்வார். அவர்கள் வீட்டுக்குப் போய், வாசலிலிருந்து கிணறு வரைக்கும், கிணற்றிலிருந்து கொல்லை மறைப்பு வரைக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டிக் கொடுப்பார். பிடித்துக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் போய்வரலாம். அந்தக் கயிற்றைக் கட்டும்போது மட்டும் பேசமாட்டார். அது அவருக்குத் தோற்றுப்போன வேலை.

மகளுக்கு எப்படி ஆயிற்று என்று ஒருநாள் கேட்டேன். நடந்துகொண்டேதான் சொன்னார். “அம்ம வந்துச்சி. மூணு தண்ணி ஊத்துற வரிக்கும் வெளிய எட்த்துகினு போகக் கூடாதுன்னாங்க. ஊத்திட்டுப் பட்டணம் போனோம். டாக்டரு பாத்துட்டு, ‘நேத்து கொண்டாந்திருக்கக் கூடாதாம்மா’ன்னாரு. அவ்ளோதான். அன்னிலேர்ந்து நேத்தும் நாளிக்கியும் எனக்கு ஆவாது.” சொல்லிவிட்டு இன்னும் வேகமாக நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. அவர் எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கொடுத்தால் நின்றபடி குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஐம்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்து, ரேஷன் அரிசிக் கஞ்சியைத் தவிர வேறு இல்லாத காலம். கீரை முளைக்கக்கூட மண்ணில் ஈரமில்லை. அம்மை வேறு தெருத் தெருவாக வந்தது. வெல்லத்தை நீட்டினால் காற்றைத் தடவும் கைகள் எங்கே பார்த்தாலும் இருந்தன. பழவேற்காட்டிலிருந்து வந்த எண்ணெய் போதவில்லை. அந்த அம்மாள் இளைத்துத் துரும்பாகிவிட்டார்.

அதே வருஷம்தான் ஊத்துக்கோட்டை சாலையில் ஆற்றுக்குப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். தூண் நிற்கவில்லையாம், குழந்தையைப் பலி கொடுத்தால்தான் நிற்குமாம், பிள்ளை பிடிக்க ஆள் விட்டிருக்கிறார்களாம் என்று ஒரு புரளி கிளம்பிற்று. ஊரே நம்பிற்று. சாயங்காலமானால் தெருவில் ஒரு குழந்தை கிடையாது.

இருட்டுகிற நேரத்தில், கையில் வெல்லத்தை வைத்துக்கொண்டு, வா வா என்று குழந்தைகளைக் கூப்பிடுகிற ஆள் திருவள்ளூரில் ஒருவர்தானே இருந்தார்.

“கொஞ்ச நாள் வெளியில வராதீங்கோ. புரளி அடங்கட்டும்” என்றேன்.

“பொரளி அடங்குற வரிக்கும் நோவு சும்மா குந்திகினு இருக்குமா?”

“பகல்லயாவது போய்ப் பாருங்கோளேன்.”

“பகல்ல எல்லாக் கண்ணும் நல்ல கண்ணுதான் ஐயரம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பயந்தபடியே நடந்தது. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஜட்கா வண்டிக்காரர்கள் குடியிருந்த தெருவில் பிள்ளை பிடிக்கிறவளைப் பிடித்துவிட்டார்கள் என்று பால்காரி வந்து சொன்னாள். நான் மடிசாரோடு ஓடினேன். அக்ரகாரத்துப் பெண் தெருவில் ஓடுவதை அன்றுதான் ஊர் பார்த்திருக்கும்.

வேப்ப மரத்தில் குதிரை கட்டும் கயிற்றால் அவரைக் கட்டியிருந்தார்கள். துப்பட்டி கிழிந்து கீழே கிடந்தது. புட்டி உடைந்து தெருவெல்லாம் மீனெண்ணெய் வாடை. அது ஆளை மயக்குகிற மருந்து என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. முன்னால் நின்ற ஒரு வண்டிக்காரரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு எப்போதும் வண்டி ஓட்டுகிறவர்தான், நல்ல மனுஷர். அவர் காலைக் கட்டிக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒன்று நின்றது. கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது.

“யோவ், உன் பொண்ணுக்குக் கண்ணு போய்க்கினு கீதுய்யா! வெல்லத்த நீட்டுனேன், தடவுது! என்ன அடி, கொல்லு, அதுக்கு எண்ண ஊத்திட்டுக் கொல்லு! இன்னிக்கே ஊத்தணும்யா!”

வண்டிக்காரர் மேல்துண்டால் குழந்தையின் முகத்தை மூடினார். “கட்டிப் போட்டப்புறமும் எம்பொண்ணு மேலயே கண்ணு வெக்கிறா பாரு” என்றார். கூட்டம் உறுமியது. நான் போய் நடுவில் நின்று, இந்த அம்மாதான் என் குழந்தையைக் காப்பாற்றினாள் என்று கத்தினேன். “ஐயரூட்டம்மாவயும் மயக்கி வெச்சிகிறா” என்று யாரோ என்னைத் தள்ளினார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவர் வந்தார். கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார், ஈர வேஷ்டியும் திருமண்ணுமாக. நடுவில் நின்று சொன்னார்: “எங்காத்துக் கொல்லையில இந்த அம்மா கையால என் குழந்தை தினமும் மீனெண்ணெய் குடிச்சுது. எனக்குத் தெரிஞ்சுதான் குடிச்சுது. அதனாலதான் இன்னிக்கு அதுக்குக் கண் தெரியறது. கட்டை அவிழுங்கோ.”

திருமண் இட்டவர் ஊர் நடுவில் நின்று வீட்டில் மீன் புழங்கியது என்று பொய் சொல்லமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்கு அப்புறம் பல மாசம் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் இவருக்கு இடம் இல்லாமல் போனது. அதைப் பற்றி இவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ‘பூனை’ என்ன சொல்கிறது என்று மட்டும் அவ்வப்போது கேட்பார்.

கட்டை அவிழ்த்தவுடன் அந்த அம்மாள் செய்த முதல் காரியம், அந்தப் பெண் குழந்தையிடம் ஓடியது. வண்டிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. மணிக்கட்டெல்லாம் கயிற்றுத் தழும்பு. கையில் யாரிடமோ கேட்டு வாங்கி வந்த எண்ணெய். இரண்டு பேரும் போனோம். வண்டிக்காரர் சவாரிக்குப் போயிருந்தார். இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

“ஆத்தா இன்னும் எறங்கலம்மா. மூணாந்தண்ணி ஊத்தல. இந்த நேரத்துல மீனு வாட காட்டுனா ஆத்தா சும்மா விடுவாளா? அவரு வரட்டும், கேட்டுகினு நாளிக்கி சொல்றேன்.”

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தெருவில், அவ்வளவு பேர் பார்க்க, அவளுடைய காலில் விழுந்தார். “எம்பொண்ணுக்கும் இதத்தாம்மா சொன்னாங்க. இதேதாம்மா. ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி!” அவள் அழுதாள். அவளுக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனால் ஆத்தாளையும் புருஷனையும் மீற அவளால் முடியவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து குழந்தை, “யாரும்மா வந்துகிறாங்க? வெளக்கு ஏத்தும்மா” என்றது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமும் போனோம், சாயங்காலமும் போனோம். மறுநாளும் போனோம். வாசலில் வைத்துவிட்டு வந்த புட்டி சாக்கடையில் கிடந்தது. அந்த அம்மாள் சோறு தண்ணி இல்லாமல் அந்தத் தெருமுனையிலேயே நின்றார். இவர் ஒரு தடவை போய் வண்டிக்காரரிடம் பேசிப் பார்த்தார். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “சாமி, நீங்க சொன்னீங்கன்னு அவுத்து வுட்டேன். எம்பொண்ண ஆத்தாகிட்ட வுட்ருக்கேன். தண்ணி ஊத்துனதும் நானே கொண்டாறேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தண்ணீர் ஊற்றியதும் தானே கொண்டுவந்தார்.

குதிரையை அடித்து விரட்டிக்கொண்டு பஜார் நடுவில் வந்தார். அந்த அம்மாள் வீட்டு வாசலில் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, “பாத்து சொல்லும்மா, பாத்து சொல்லும்மா” என்று அலறினார். அந்த அம்மாள் ஓடி வந்து மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். இமையைத் தள்ளினார். எப்போதும் சட்டென்று விட்டுவிடுகிற மோவாயை அன்றைக்கு விடவேயில்லை, பிடித்தபடியே நின்றார். இரண்டு கண்ணிலும் கருவிழி இருந்த இடம் வெந்த முட்டைபோல வெளுத்திருந்தது. அப்புறம் ரயிலுக்கு ஓடினோம். பட்டணத்து டாக்டர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை.

மீனெண்ணெய் பாயம்மா சொன்ன மாதிரியே செய்துவிட்டாள், கண்ணைப் பறித்துக்கொண்டாள் என்று ஊர் பேசிற்று. எனக்கு அந்த ஊர் மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

சில நாள் கழித்து அந்த அம்மாள் வந்து, “வா” என்றார். பையில் புதுக் கயிறு இருந்தது. வண்டிக்காரர் வீட்டில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அந்த அம்மாள் குழந்தையை நிற்க வைத்து, அதன் இடுப்பு உயரத்தைக் கையால் பார்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரரே முடிச்சுப் போட்டார். கதவு நிலையில் ஒரு முடிச்சு, கிணற்றுக் காலில் ஒரு முடிச்சு. முடிச்சு நழுவியது, மறுபடி போட்டார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முடிந்ததும் அந்த அம்மாள், “சின்னதக் கொண்டா” என்றார். வண்டிக்காரர் மனைவி புருஷனைப் பார்த்தாள். அவரே போய்த் தூளியிலிருந்து கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே அதன் மோவாயைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். அந்த அம்மாள் பார்த்தார். எண்ணெயை ஊற்றினார். அது துப்பிற்று, வீறிட்டது, வாடை வீடெங்கும் பரவிற்று.

சுவர் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் குழந்தை முகத்தைத் தூக்கி மோந்து பார்த்தது.

“பாயம்மா, அது கண்ணு மருந்தா?”

“ஆமாம்மா.”

“எனக்கு ஊத்தலியா?”

அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை கயிற்றைத் தடவித் தடவி அவர் பக்கம் வந்தது. அவர் கரண்டி நிறைய ஊற்றி அதன் வாயருகே கொண்டுபோனார். குழந்தை முகத்தைச் சுளிக்காமல் முழுதும் குடித்தது. கரண்டியை வாங்கி நக்கியது.

“குட்ச்சிட்டேன். எப்போ தெரியும்?”

வண்டிக்காரர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள் குழந்தையின் மோவாயைப் பிடித்தார். பழக்கத்தில் கை தானாக வெளிச்சத்துப் பக்கம் திருப்பிற்று. அவசரமே இல்லாமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளிக்கி” என்றார்.